அத்தியாயம் 6: கீழே ஒரு வீடு பிடிப்பது

கொல்லிமலையில் வாடகை என்ற சொல்லுக்கு வேலை குறைவு. செம்மேட்டில் வாத்தியார்கள், நர்சுகள், வங்கி ஆட்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். சோளக்காட்டில் சில கடைகள் வாடகைக்கு ஓடுகின்றன. மற்றபடி வளப்பூர்நாட்டிலோ அரியூர்நாட்டிலோ பிறந்தவர் அப்பா கட்டிய வீட்டில் இருந்துவிடுவார். போதாவிட்டால் அதை ஒட்டித் தாழ்வாரம் ஒன்றை இறக்கிக்கொள்வார். பிள்ளை படிப்புக்கோ வேலைக்கோ முதல்முறை கீழே குடி வருகிறவருக்கு, மாதம் பிறந்தால் இன்னொருவருக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும் என்பதே புதுப் பழக்கம். மிளகு காய்க்காத மாதத்திலும் வாடகை காய்க்கும்.

இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம் ஆகிய மூன்று ஊர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சேலம், திருப்பூர் போகிறவர்களுக்கும் கணக்கு இதேதான், தொகைதான் பெரிது.

எந்த ஊர்?

வீட்டைப் பார்க்கும் முன் பஸ்ஸைப் பாருங்கள். மலைக்கு இரண்டு வழி. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பழைய வழி சேந்தமங்கலம், நாமக்கல் பக்கம் இறங்கும். முள்ளுக்குறிச்சி வழி ராசிபுரம் பக்கம் இறங்கும். உங்கள் ஊரிலிருந்து எது பக்கமோ, அந்த வழியில் இருக்கும் ஊரில்தான் வீடு தேட வேண்டும். வாடகை ஐந்நூறு குறைகிறது என்று மாற்றுப் பக்கம் போனால், அந்த ஐந்நூறை ஒரே மாதத்தில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்துவிடுவீர்கள். மலைக்காரர் வாடகை வீட்டுக்குக் குடி வந்தாலும் மலையைக் காலி செய்வதில்லை. காப்பி பறிக்க, மிளகு பறிக்க, சாவுக்கு, சடங்குக்கு, ஆடி பதினெட்டுக்கு என்று மாதம் ஒருமுறையாவது ஏறியாக வேண்டும்.

நான் முதலில் நாமக்கல்லில் பிடித்த வீடு, மலை பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு ஊரின் மறுகோடி. வைகாசியில் மாமனார் இரண்டு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஆட்டோக்காரர் கேட்ட காசைக் கேட்டுவிட்டுச் சாக்கைத் தலையில் தூக்கி வைத்து நடந்தே வந்தார். அடுத்த முறை வரவில்லை. நாமக்கல்லில் 2024-இல் முதலைப்பட்டியில் புதுப் பேருந்து நிலையம் திறந்த பிறகு, எந்த பஸ் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. டூ-லெட் போர்டில் அது எழுதியிருக்காது.

சேந்தமங்கலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சேந்தமங்கலம் பேரூராட்சி, நாமக்கல் 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகளை நான் உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன், நீங்கள் விசாரித்த தொகையை அதில் வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் ஒரு வீடு 7,000. அதே அளவு வீடு சேந்தமங்கலத்தில் 4,500. வித்தியாசம் 2,500. குடும்பத் தலைவருக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. போக வர ஒரு நாளைக்கு 30 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 780. மகள் நாமக்கல்லில் கல்லூரிக்குப் போகிறாள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. ஆக 1,720 ரூபாய் மிச்சம். மலைக்கு ஏறும்போதும் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறையும்.

இந்தக் கணக்கு ஓரிடத்தில் உடையும். பட்டறையில் ராத்திரி வேலை இருந்தால், கோழிப்பண்ணை வண்டியில் விடிகாலை மூன்று மணிக்கு முட்டை ஏற்றும் வேலை என்றால், அந்த நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது. அப்புறம் பைக், பெட்ரோல், மனைவிக்குத் தூக்கமில்லாத ராத்திரி. அப்படிப்பட்டவர் 7,000 கொடுத்து நாமக்கல்லிலேயே இருப்பதுதான் சிக்கனம்.

கல்லூரிகளை ஒட்டிய தெருக்களில் வீடு தேட வேண்டாம் என்பது என் கட்சி. 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. அதற்கு முன்பே கால்நடை மருத்துவக் கல்லூரியும் அரசு கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. அந்தப் பக்கம் உங்களோடு போட்டி போடுகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்களும், நாலு பேர் சேர்ந்து வாடகையைப் பங்கு போடும் மாணவர்களும். ஒரு குடும்பம் ஒற்றை வருமானத்தில் அவர்களை முந்த முடியாது.

எப்போது தேடுவது?

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியான வீடு காலியாகவே கிடக்கும், வீட்டுக்காரருக்குக் கை அரிக்கும். ஆடியில் பேசி முடித்து, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சுவது என்று சொல்லிப் பாருங்கள். முந்நூறோ ஐந்நூறோ இறங்கி வருவார். வேலைக்காக வருகிறவர்களுக்கு இது ஒத்துவரும்.

படிப்புக்காக வருகிறவர்களுக்கு வராது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. மே மாதம் தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து மலையும் சமவெளியும் ஒன்றாக வந்து வீடு கேட்கும். அதனால் மாசி, பங்குனியிலேயே வந்து பாருங்கள். மிளகு விற்ற காசு கையில் இருக்கும் காலமும் அதுதான்.

கையில் எவ்வளவு வேண்டும்?

5,000 ரூபாய் வாடகை வீட்டுக்குக் குடி போக 5,000 ரூபாய் போதாது. அட்வான்ஸ் மூன்று மாதம் என்றால் 15,000. முதல் மாத வாடகை 5,000. புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை அவருக்கு. ஆகவே 25,000 ரூபாய், அதாவது ஐந்து மாத வாடகை, சாவி கைக்கு வரும் முன்பே போய்விடும். இதற்கு மேல் சாமான் இறக்கும் வண்டி. வளைவுக்குப் பயந்து கீழ் ஊர் வண்டிக்காரர்கள் கூடக் கேட்பார்கள். மலைக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வெறுமனே இறங்கும் வண்டி ஒன்றைச் சோளக்காட்டிலோ செம்மேட்டிலோ பிடித்தால் பாதியில் முடியும்.

அடுப்பை மறந்துவிடாதீர்கள். மேலே விறகுக்குக் காசு கொடுத்துப் பழக்கமில்லை. கீழே வாடகை வீட்டில் விறகடுப்பு மூட்ட விடமாட்டார்கள். சுவர் கறுக்கும் என்பார்கள். ஆகவே மாதக் கணக்கில் சிலிண்டரும் ஒரு வாடகைதான். ரேஷனுக்குப் பயம் வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். அதற்காக அவசரப்பட்டு அட்டையின் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. சாதிச் சான்று, நிலத்துக் காகிதம் எல்லாம் மலை முகவரியில் இருப்பவர்கள் இதை நிதானமாக யோசித்துச் செய்யுங்கள்.

வருமானம் கொத்துக் கொத்தாக, வாடகை சொட்டுச் சொட்டாக

மலைக்குடும்பத்தின் உண்மையான சிக்கல் வாடகையின் அளவில் இல்லை, அது வரும் முறையில் இருக்கிறது. காப்பி கார்த்திகை, மார்கழியில் காசாகும். மிளகு தை முதல் பங்குனிக்குள். பலா வைகாசி, ஆனியில். அதன் பிறகு நாலு மாதம் தோட்டம் செலவு கேட்குமே தவிரத் தராது. வாடகையோ தேதி ஐந்து தாண்டினால் கதவைத் தட்டும். ஐப்பசியில் வாடகைக்கு இடறுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்: கொடியில் பச்சையாக இருக்கும் மிளகைக் காட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். தை மாதத்தில் அவர் சொல்வதுதான் விலை. வாடகையில் 500 ரூபாய் குறைத்துப் பேசியவர், மிளகில் கிலோவுக்கு ஐம்பது நூறு என்று விட்டுவிடுகிறார்.

வழி ஒன்றுதான் எனக்குத் தெரியும். மிளகு விற்றதும் ஆறு மாத வாடகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவது. அல்லது வீட்டுக்காரரிடமே, “ஆறு மாசத்த ஒண்ணாக் குடுத்துர்றனுங்க, மாசத்துக்கு முந்நூறு கொறச்சுக்குங்க” என்று கேட்பது. அவருக்கும் கைக்காசு தேவைப்படும் காலம் உண்டு. ஆனால் மொத்தமாகக் கொடுத்தால் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

மொத்தமாகக் காசு வைத்திருப்பவரைப் பார்த்ததும் புரோக்கர் போக்கியத்தைப் பற்றிப் பேசுவார். திருச்சி, மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள். இப்போது எல்லோரும் ‘லீசு’ என்கிறார்கள். 3 லட்சம் கொடுத்து இரண்டு வருஷம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது 3 லட்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. கேட்க இனிக்கும். கணக்கையும் பார்ப்போம். அந்தப் பணம் உங்களுடையது என்றால், வங்கியில் 7 சத வட்டிக்குப் போட்டிருந்தால் வருஷத்துக்கு 21,000, மாதம் 1,750 வந்திருக்கும். அதை விட்டுவிட்டு 5,000 வாடகையை மிச்சம் பிடிக்கிறீர்கள். லாபம்தான். அதே 3 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாத வட்டி 6,000. வாடகைக்கே இருந்திருக்கலாம்.

லாபமான கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது. போக்கியத்துக்குக் கொடுக்கிறவர் பெரும்பாலும் பணமுடையில் இருப்பவர். அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை நின்று, வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்தால், பத்திரமில்லாமல் கொடுத்த உங்கள் பணத்துக்கு வங்கி பொறுப்பல்ல. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். செம்மேட்டு இ-சேவை மையத்தில் இல்லாவிட்டால், கீழே ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்துத் தருவார்கள். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும், அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், போக்கியத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதைப் போக்கியம் என்று நம்பி இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டைப் பார்க்கும்போது

காலையில் போங்கள், ஆறரை மணிக்கு. அப்போதுதான் லைன் வீட்டின் முகம் தெரியும். வரிசையாக ஆறு கதவு, எதிரே இரண்டு கக்கூஸ், நடுவில் ஒரு குழாய், குழாயைச் சுற்றிக் குடங்கள். மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் சமையலறையில் இருக்கும். அவர் போட்டால் தண்ணீர், அணைத்தால் இல்லை. என் மனைவி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். பிறகு முந்தானையில் முடிந்து கொண்டுவந்த சோப்புத் துண்டைத் தேய்ப்பாள். நுரைக்காவிட்டால், “வேற ஊடு பாக்கலாம்” என்று கிளம்பிவிடுவாள். ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் போர் தண்ணீரின் உப்பு முதல் வாரத்திலேயே தெரியும். அப்புறம் கேன் தண்ணீருக்கு மாதா மாதம் செலவு. காவிரிக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

மேலே அட்டை போட்ட வீடு வாடகை குறைவு என்று பார்க்கலாம். கார்த்திகையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலைக் குளிருக்குப் பழகிய உடம்பு சித்திரையில் அட்டைக்குக் கீழே வேகும். ஃபேன் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். மிச்சம் பிடித்தது கரண்ட் பில்லில் போகும்.

கரண்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டுக்கெனத் தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016-இலிருந்து இப்படி. நீங்கள் 120 யூனிட் எரித்தால் 20 யூனிட்டுக்குத்தான் காசு. லைன் வீட்டில் வீட்டுக்காரர் ஒரே இணைப்பிலிருந்து எல்லோருக்கும் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் என்று வையுங்கள். அதே 120 யூனிட் 960 ரூபாய். வாடகை 4,500 தான் என்று பெருமைப்பட்டவர் உண்மையில் ஏறக்குறைய 5,000 கொடுக்கிறார். எனவே மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு எண் எழுதிய அட்டை அதில் தொங்குகிறதா என்று பாருங்கள்.

பேச்சு

வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா இடத்திலும் ஒன்றே. எனக்கு ராசிபுரத்தில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

“எந்த ஊருங்க?”

“கொல்லிமலைங்க.”

“ஓ, மலையா. எத்தன பேரு?”

“நாலு பேருங்க. ரெண்டும் படிக்கிற பசங்க.”

“நாலு பேருன்னுதான் சொல்வீங்க. அப்பறம் வாரா வாரம் மலையிலிருந்து ஆளு எறங்கும். ஆசுபத்திரிக்கு வந்தேன், பரிச்சைக்கு வந்தேன்னு. எங்க டேங்க்குத் தண்ணி அத்தன பேருக்குத் தாங்காதுங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. மலையில் ஒருவர் கீழே வீடு பிடித்தால், அது நாட்டுக்கே சத்திரம். அதை மறைத்துக் குடி போனால் மூன்றாம் மாதம் சண்டை. “மாசத்துல நாலஞ்சு நாள் ஒறமொறை வருவாங்க, அதுக்குத் தண்ணிக்காசு தனியா எரநூறு குடுத்துர்றனுங்க” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், வீடு கிடைத்தது. கறி சமைப்பீர்களா என்ற கேள்வியும் அப்படித்தான். சில வீடுகளில் அதைக் கேட்பது கறியைத் தெரிந்துகொள்ள அல்ல, சாதியைத் தெரிந்துகொள்ள. அந்தக் கேள்வி இரண்டு விதமாகச் சுற்றி மூன்றாம் முறையும் வந்தால், அந்த வீடு எவ்வளவு மலிவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைகள் அந்த முற்றத்தில்தான் விளையாட வேண்டும்.

காகிதம்

வாடகை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-இல் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. உங்களுக்கு வேண்டியது அதில் நாலைந்துதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இந்த ‘ஒப்புக்கொள்ளாத வரை’யில்தான் கத்தி இருக்கிறது: ஆறு மாதம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் சட்டம் உங்களுக்காக வராது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். சண்டை என்றதும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை.

பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதும் வழக்கம், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்தது. பதினொரு மாதம் முடிந்ததும் எவ்வளவு ஏற்றுவார் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். மாநகராட்சி ஆனதால் வீட்டு வரி ஏறிவிட்டது என்று நடுவில் வந்து கேட்பவர் உண்டு. வரி உங்கள் தலையில் என்று தாளில் இல்லாவிட்டால், “அது உங்க பாடுங்க” என்று சொல்லிவிடலாம்.

வாடகையை ஜிபேயிலோ வங்கியிலோ அனுப்புங்கள், அதுவே ரசீது. நான் ஒரு வீட்டில் பதினெட்டு மாதம் கையில் கொடுத்தேன். நல்ல மனிதர், தினசரித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதித் தருவார். காலி செய்தபோது இரண்டு மாதம் பாக்கி என்றார். வீடு முழுக்கத் தேடி பதினாறு தாள் கிடைத்தது, இரண்டு கிடைக்கவில்லை. 9,000 ரூபாய் அட்வான்ஸில் கழிந்தது. பல மாதம் கழித்து மகன் கணக்கு நோட்டுக்குள் ஒன்று அகப்பட்டது, பின்பக்கம் முழுக்க அவன் பெருக்கல் வாய்ப்பாடு.

காலி செய்வது

குடி போகிற நாளிலேயே போனில் வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், சொட்டும் குழாய், பல்ப் ஹோல்டர் எத்தனை என்று. அதை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போகும்போது ‘பெயிண்ட் காசு’ என்று ஒரு மாத வாடகை கழிப்பது பல இடங்களில் வழக்கம். அதைக் குடி போகும்போது பேசினால் பாதியாகும், காலி செய்யும்போது பேசினால் பகையாகும். நீங்களே இரண்டு பேரை வைத்துச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றால் சிலர் ஒத்துக்கொள்வார்கள்.

காலி செய்யும் செய்தியை ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு போதாது. கடைசி நாள் சாமான் ஏற்றும் முன் கரண்ட் மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள். சாவி இரண்டு வாங்கியிருந்தால் இரண்டும் கொடுக்க வேண்டும். ஒன்று தொலைந்திருந்தால் முந்தின நாளே கடையில் போட்டு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப் பூட்டு விலை என்று அட்வான்ஸில் பிடிப்பார்கள்.